வெங்கடேஸ்வரி ஏட்டம்மா பிரிட்டிஷ் சாம்பியன் ஆன விதம்

சேத்தூர் முத்துராமலிங்கத்தின் மூத்த மகள் வெங்கடேஸ்வரி, ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ் ஏட்டு. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் செயினை அறுத்துக்கொண்டு ஓடியவனை ஓடிப்போய் இடுப்பைப் பிடித்துக் கவிழ்த்தவள் என்று டவுனில் ஒரு பேர் உண்டு. அதற்கு மேல் எந்தப் பட்டத்துக்கும் அவள் ஆசைப்பட்டதில்லை. சரியாகச் சொன்னால், ஒரே ஒரு தடவை ஆசைப்பட்டாள். அது கைக்கு வராமல் போனபிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

அது ஜூடோ. பட்டாளத்திலிருந்து திரும்பிய முத்துராமலிங்கம்தான் அவளைச் சேத்தூரிலிருந்து பஸ் ஏற்றி ராஜபாளையத்துக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார். நன்றாகவே விளையாடினாள். மாநிலப் போட்டியில் அரையிறுதிவரை போனாள். அன்றைக்கு அவளும் விழவில்லை, எதிரே நின்ற பெண்ணும் விழவில்லை. நேரம் முடிந்துவிட்டது. மூன்று நடுவர்கள் கொடி தூக்கினார்கள். இரண்டு கொடி அந்தப் பெண்ணுக்கு. ஏன் என்று கேட்டதற்கு, "அவதான் முன்னேறி வந்தா" என்றார் ஒருவர். முன்னேறிப் போனது தான்தான் என்று வெங்கடேஸ்வரிக்கு நினைவு. ஊர் திரும்பும்போது பஸ்ஸில், "நான் எந்த எடத்துலப்பா தோத்தேன்?" என்று அப்பாவைக் கேட்டாள். அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். அடுத்த வருஷம் போலீஸுக்கு எழுதிப்போட்டாள். வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது. புருஷன் காளிராஜ் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் ஃபிட்டர். ராஜபாளையத்தில் வீடு, ஸ்ரீவில்லிபுத்தூரில் டூட்டி, நடுவில் ஸ்கூட்டி. வாழ்க்கை குழப்பமில்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது.

குழப்பம் தம்பி பெண்டாட்டியின் பெட்டியில் வந்தது.

தம்பி விஜயபாண்டி இங்கிலாந்தின் வடக்கே ஒரு ஊரில் கிட்டங்கியில் சரக்கு ஏற்றி இறக்குகிற வேலையில் இருக்கிறான். அவன் மனைவி யுவராணி தாய்மாமன் மகள்தான். கல்யாணத்துக்கு முன்னால் கபடி ஆடியவள். அங்கே போய் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். எழ முடியாத வயசாளிகளைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைக்கிற வேலை. அந்த இல்லத்துக்கு அடுத்த ஹாலில் சாயங்காலம் மல்யுத்தம் பழகினார்கள். சும்மா எட்டிப் பார்த்தவளை சண்டை வளையத்துக்குள் ஏற்றிவிட்டார்கள். வெங்கடேஸ்வரிக்கு இது போனில் அரைகுறையாகத் தெரியும். டிவியில் வருகிற மாதிரி தொடை தட்டி, முடியைப் பிடித்து, நாற்காலியால் அடித்துக்கொள்வார்களே, அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நல்ல குடும்பத்துப் பிள்ளைக்கு இது எதற்கு என்றும் நினைத்தாள். ஆனால் கேட்கவில்லை.

சித்திரையில் மகளுக்குக் காது குத்துவதற்காக யுவராணி மட்டும் பிள்ளையோடு ஊருக்கு வந்தாள். வெங்கடேஸ்வரி வீட்டில் வைத்துப் பெட்டியைத் திறந்தபோது சாக்லேட்டுக்கும் ஸ்வெட்டருக்கும் அடியில் துண்டில் சுற்றி ஒரு பொருள் இருந்தது. கறுப்புத் தோலில் இடுப்புப் பட்டை, நடுவில் சோத்துத் தட்டு அகலத்துக்கு மஞ்சளாக ஒரு தகடு, ஓரத்தில் சிங்கமும் கிரீடமும்.

"மதுரை ஏர்போர்ட்ல பிடிச்சு வச்சிட்டாக மதினி. தங்கமான்னு கேட்டாக. இல்ல சார், இது பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன் பட்டம்னேன். அப்ப இது கவர்மெண்டு சொத்தான்னு கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"யாரு சொத்துன்னு எனக்கே தெரியாதுன்னுட்டேன். சிரிச்சிக்கிட்டே விட்டுட்டாக."

வெங்கடேஸ்வரி அதைத் தூக்கிப் பார்த்தாள். கனத்தது. "நீ பிரிட்டன் பூராவுக்கும் சாம்பியனா?"

யுவராணி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே அந்தப் பட்டத்தின் வரலாற்றைச் சொன்னாள். வெங்கடேஸ்வரி எத்தனையோ வாக்குமூலம் எழுதியவள். முன்னுக்குப்பின் முரணாகப் பேசுகிறவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இப்படி ஒரு வாக்குமூலத்தை அவள் கேட்டதில்லை.

அறுபதுகளில் கடலோர ஊர் ஒன்றில், ரொட்டிக் கடையில் வேலை பார்த்த ஐவி என்ற பெண்தான் முதல் சாம்பியனாம். திருவிழாக் கூடாரங்களில் குஸ்தி போட்டு எல்லாரையும் ஜெயித்தாளாம். எதிராளியை இரண்டு தடவை கீழே விழத்தாட்டினால்தான் ஜெயிப்பு என்பது அங்கே வழக்கமாம். பத்து வருஷம் கழித்து நடத்துகிறவர்களுக்குள் சண்டை வந்து கூட்டம் இரண்டாக உடைந்ததும், ஆளுக்கொரு சாம்பியன் ஆகிவிட்டார்கள். இரண்டில் எது அசல் என்று தீர்க்க ஒரு போட்டி வைத்தார்கள். அது சமமாக முடிந்தது. ஆகையால் இரண்டு பேருமே சாம்பியனாகத் தொடர்ந்தார்கள். ஒருத்தி கல்யாணம் முடித்து ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது பட்டையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்னொருத்தியின் பட்டை எங்கே போனது என்று தெரியவில்லை. பட்டம் ரொம்ப வருஷம் தூங்கிக் கிடந்தது. பிறகு கென் என்ற ஆள் வந்து, புதுசாகப் பட்டை செய்து, பட்டத்தை எழுப்பினார். அந்தக் கென்தான் இப்போது யுவராணிக்கு முதலாளி.

"அப்ப இது புதுப் பட்டம்."

"பட்டைதான் புதுசு மதினி. பட்டம் பழசு."

"அதெப்பிடி?"

"ஆண்டாள் தேருக்குச் சக்கரத்த மாத்துனாகள்ல. தேரு மாறிப்போச்சா?"

தேர் மாறவில்லை என்பது வெங்கடேஸ்வரிக்குத் தெரியும். ஆடிப்பூரத் தேரோட்டத்தில் வருஷா வருஷம் வடத்துக்குப் பக்கத்தில் நின்று பந்தோபஸ்து பார்க்கிறவள் அவள்.

"சரி, வேற யாரும் பிரிட்டிஷ் சாம்பியன்னு இருக்காகளா?"

"ஏழெட்டுப் பேர் இருப்பாக."

வெங்கடேஸ்வரி தகட்டைத் துண்டிலேயே சுற்றி வைத்தாள். கிராமத்துக் கோயிலில் முதல் பரிவட்டம் யாருக்கு என்று இரண்டு பங்காளிகள் கட்டிப் புரண்டபோது அவள் நடுவில் நின்றிருக்கிறாள். அது விளங்கிற்று. ஒரே துணி, இரண்டு தலை. இங்கே தலைக்கொரு துணி, எல்லாத் துணியும் ஒரே துணி என்கிறார்கள்.

காதுகுத்து முடிந்த மறுவாரம் ராஜபாளையம் ஜூடோ கிளப்பில் ஆண்டு விழா. மாஸ்டர் அழகுராஜா, வெங்கடேஸ்வரியோடு ஒரே காலத்தில் அங்கே பழகியவர். பிரிட்டன் சாம்பியன் ஊரில் இருப்பது தெரிந்ததும் யுவராணியைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார். ஃப்ளெக்ஸில் 'உலக சாம்பியன்' என்று போட்டுவிட்டார்கள். யுவராணி, "உலகம் இல்ல சார், பிரிட்டிஷ்" என்றாள். "உள்ளூர்ல அது ரெண்டும் ஒண்ணுதான்" என்று அழகுராஜா மாற்ற மறுத்துவிட்டார்.

பரிசு கொடுத்து முடிந்ததும் கூட்டம் சண்டை காட்டச் சொல்லிற்று. அதற்கென்று பேசிவைத்திருந்த காலேஜ் பிள்ளையை அவள் அம்மா கடைசி நேரத்தில் விட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அழகுராஜாவின் கண் வெங்கடேஸ்வரி மேல் விழுந்தது. அவள் அன்றைக்கு லீவு. டிராக் சூட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

யுவராணி அவளை ஓரமாகக் கூட்டிப்போனாள். "மதினி, நான் ஒங்க கைய முறுக்குவேன். முறுக்குற மாதிரிதான், வலிக்காது. நீங்க கத்துங்க. பொறவு தூக்கிப் போடுவேன். கழுத்த மட்டும் உள்ள இழுத்துக்கோங்க. அப்பிடியே கெடங்க. அழகுராஜா சார் மூணு எண்ணுவாரு. அம்புட்டுத்தான்."

"கத்தணுமா?"

"செத்த கத்துனா நல்லாருக்கும்."

"நான் கத்த மாட்டேன். வேணும்னா கெடக்கேன்."

பட்டையை மேஜையில் எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்தார்கள். காளிராஜிடம் யுவராணி தன் போனைக் கொடுத்து, "அண்ணே, இத ஆட்டாமப் பிடிச்சுக்கோங்க. இங்கிலாந்துல உள்ளவுக நேரடியாப் பாக்காக" என்று சொல்லிவிட்டு விரித்திருந்த ஜூடோ மேட்டில் ஏறினாள். அழகுராஜாவுக்கு அவள் சொன்னது ஒரே விஷயம்: இரண்டு தோளும் தரையில் பட்டால் மூன்று எண்ணவேண்டும். அழகுராஜா சொன்னதைச் செய்கிறவர்.

முதலில் எல்லாம் சொன்னபடிதான் நடந்தது. கையை முறுக்கினாள். நிஜமாகவே வலிக்கவில்லை. கூட்டம் சிரித்தது. வெங்கடேஸ்வரிக்குக் கூச்சமாக இருந்தது. ஸ்டேஷன் ஆட்கள் யாரும் வந்திருக்கிறார்களா என்று வாசலைப் பார்த்தாள். அந்த நேரம் யுவராணி கூட்டத்துக்குக் கையை ஆட்டிவிட்டு வேகமாக ஓடிவந்து அவள் காலரைப் பிடித்தாள்.

காலரில் கை விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை வெங்கடேஸ்வரி யோசித்து முடிவெடுப்பதில்லை. உடம்பு தானாகத் திரும்பியது, முழங்கால் மடங்கியது, யுவராணி அவள் தோளுக்கு மேலே போய் அந்தப் பக்கம் மல்லாந்து விழுந்தாள். விழுந்தவளை விடாமல் மேலே அமுக்கிப் பிடித்ததும் தானாகவே நடந்ததுதான். எங்கிருந்தோ அழகுராஜாவின் குரல் கேட்டது. ஒண்ணு. நான்தானே விழுந்திருக்க வேண்டும் என்று வெங்கடேஸ்வரி நினைத்தாள். ரெண்டு. விட்டுவிடலாமா, விட்டால் தப்பா? யுவராணியின் கண் திறந்தே இருந்தது. மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூணு.

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கூட்டம் கைதட்டியது. யுவராணி எழுந்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, மேஜையிலிருந்த பட்டையை எடுத்துவந்து வெங்கடேஸ்வரியின் இடுப்பில் கட்டிவிட்டாள்.

"ஏட்டி, என்ன பண்ணுத? நீ ஏன் எந்திரிக்கல?"

"அவருதான் எண்ணிட்டாருல்ல மதினி" என்றாள் யுவராணி. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

அன்று சாயங்காலமே கென் பேசினார். போனை ஸ்பீக்கரில் வைத்து யுவராணி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். அவருடைய இன்டர்நெட் பக்கத்தை இதுவரை இத்தனை ஆட்கள் பார்த்ததில்லையாம். எல்லாரும் அந்தப் பெண் யார் என்று கேட்கிறார்களாம். பட்டம் முறைப்படி கைமாறிவிட்டதாக அறிவித்துவிட்டாராம்.

"முறைப்படியா? நாங்க சும்மா காட்டுனதுல்லா அது" என்றாள் வெங்கடேஸ்வரி.

யுவராணி அதை இங்கிலீஷில் சொன்னாள். கென் சிரித்தார்.

"எல்லாமே காட்டுறதுதான்ங்காரு."

"ஒங்க வழக்கப்படி ரெண்டு தடவை விழத்தாட்டணும்னு சொன்னியே. நான் ஒரு தடவைதான தள்ளுனேன்?"

மறுபடி பேச்சு நடந்தது. "சாம்பியனே தன் கையால கட்டிவிட்டதால செல்லும்ங்காரு."

"அப்ப நீ கட்டிவிட்டிருக்காட்டா?"

யுவராணி அதைக் கென்னிடம் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் ஸ்டேஷனில் நுழைந்தபோது ரைட்டர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். "வெள்ளக்காரன் கொண்டுபோனத ஒவ்வொண்ணா வாங்க ஆரம்பிச்சிட்டீங்கபோலக்கா" என்றார். வீடியோ எல்லார் போனுக்கும் வந்திருந்தது. இன்ஸ்பெக்டர் இம்மானுவேல் உள்ளே கூப்பிட்டார். நல்ல மனிதர், கோபப்படவில்லை. அவருக்கும் ஒரு விளக்கம் தேவைப்பட்டது.

"மேல இருந்து கேட்டா நான் பதில் சொல்லணும்மா. இது போட்டியா, நாடகமா? போட்டின்னா விளையாட்டுப் பிரிவுல சேப்போம், ஒங்களுக்கும் நல்லது. நாடகம்னா கலை நிகழ்ச்சி. ரெண்டுல எதுன்னு சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி நானே எழுதிக்கிடுதேன்."

வெங்கடேஸ்வரி விறைப்பாக நின்றபடியே யோசித்தாள். "அய்யா, அவுக நாடகம் ஆடுனாக. நான் ஆடலை."

"அப்ப நீங்க ஜெயிச்சீங்களா?"

"தெரியலங்கய்யா."

அவர் பேனாவை மூடினார். "விசாரிச்சிட்டு வாங்க" என்றார்.

விசாரிப்பது அவள் தொழில். ஆனால் யுவராணியிடம் நடத்திய விசாரணை ஒரு இடத்திலும் போய் நிற்கவில்லை. அன்று மாலை கேட்டபோது, "விழுந்ததுல மூச்சு முட்டிருச்சு மதினி" என்றாள். அதற்கு அடுத்த நாள் சேத்தூருக்கு ஸ்கூட்டியில் போகும்போது, பின்னால் உட்கார்ந்துகொண்டு அவளாகவே, "எந்திரிச்சிருக்கலாம்" என்றாள். இன்னொரு நாள் வெங்கடேஸ்வரி விடாமல் நெருக்கியபோது, "எங்க தொழில்ல அத மட்டும் கேக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டாள்.

காளிராஜுக்கு இதில் குழப்பமே இல்லை. சாப்பிட்டுக்கொண்டே, "நீதான் தூக்கிப் போட்ட. நான் போனப் பிடிச்சுக்கிட்டுப் பாத்தேன்லா. பொறவு என்ன?" என்பான்.

"அவ விட்டுக்குடுத்திருந்தா?"

"தூக்கிப் போட்டது போட்டதுதான."

அவனுக்குச் சுலபம். வெங்கடேஸ்வரிக்கு டூட்டியில் நிற்கும்போதும் யுவராணியின் திறந்திருந்த கண்தான் முன்னால் வந்தது. மூச்சு முட்டியவளின் கண் அப்படி இருக்குமா? தண்ணீரில் மூழ்கி எழுந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள், அடிபட்டு மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறாள். இந்தக் கண் அந்த வகையில் சேரவில்லை. சும்மா படுத்திருக்கிறவள் கண் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

செண்பகத்தோப்பு பக்கம் ஃபாரஸ்ட் செக்போஸ்டில் ஒருநாள் அவளுக்குப் பகல் டூட்டி. யுவராணி சாப்பாடு கொண்டுவந்தாள். வண்டி எதுவும் வராத நேரம். இரண்டு பேரும் புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். யுவராணி தானாகப் பேசினாள்.

"நான் பட்டம் வாங்குன அன்னைக்கு, கார் நிறுத்துற எடத்துல வச்சு கென் சொன்னாரு, இன்னைக்கு நீ ஜெயிக்கிறன்னு. தோக்க வேண்டியவளுக்கும் சொல்லிட்டாரு. எல்லாருக்கும் தெரியும். பாக்க வந்தவுகளுக்கே பாதிப் பேருக்குத் தெரியும் மதினி. ஆனா உள்ள இருந்த அந்த நேரம் பூரா நான் பட்டது பொய்யில்ல. விலா வீங்கி, ஒரு வாரம் ஒருச்சாச்சுப் படுக்க முடியல. ஒங்க தம்பி கேட்டாரு, நெசமாவே ஜெயிச்சியான்னு. நான் ஆமான்னேன். பொறவு ஒக்காந்து அழுதேன். எதுக்கு அழுதேன்னு தெரியல."

"சந்தோசத்துலயா?"

"அதுவும்தான்."

வெங்கடேஸ்வரி டிபன் பாக்ஸை மூடினாள். பாதி விளங்கியது. மீதிப் பாதியைக் கேட்டால் விளங்கிய பாதியும் போய்விடும் போலிருந்தது. இன்ஸ்பெக்டரிடம் போய், "ரெண்டும்தான்னு எழுதிக்கோங்கய்யா" என்றாள். அவர் பேனாவைத் திறந்து, 'உடற்பயிற்சி' என்று எழுதிக்கொண்டார்.

யுவராணி திரும்பிப் போகிற நாள் நெருங்கியபோது கென் மறுபடியும் போனில் வந்தார். இந்தத் தடவை பட்டையைக் கேட்டார். அடுத்த மாசம் அங்கே பெரிய நிகழ்ச்சி, சாம்பியன் வளையத்தில் நிற்க வேண்டும். வெங்கடேஸ்வரி இங்கிலாந்துக்கு வரலாம் என்றார். அவளிடம் பாஸ்போர்ட்டும் இல்லை, லீவும் இல்லை. அப்படியானால் கேமரா முன்னால் நின்று, பட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று சொல்லட்டும். பட்டம் காலியாகிவிடும், புதுசாகப் போட்டி வைத்துக்கொள்ளலாம் என்றார். இதற்கிடையில், கென்னுக்குப் போட்டியாக அங்கே மல்யுத்தம் நடத்துகிற இன்னொரு சங்கத்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. லைசென்ஸ் இல்லாத ஆளிடம் கென்னுடைய பட்டம் போய்விட்டதால் அது செத்துவிட்டது, தங்கள் சாம்பியன் ஒருத்திதான் இனிமேல் பிரிட்டிஷ் சாம்பியன் என்று அறிவித்துவிட்டார்கள்.

"விட்டுருதேன்னு சொல்லிட்டாப் போச்சு. எனக்கு எதுக்கு இது" என்றாள் வெங்கடேஸ்வரி. சொல்லிவிட்டுப் பீரோவைத் திறந்து பட்டையை எடுத்தவள், கையில் வைத்துக்கொண்டே நின்றாள். காளிராஜ் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினாள்.

"விட மாட்டேன் யுவா. வேணும்னா தோத்துக் குடுக்கேன்."

"என்ன மதினி வித்தியாசம்?"

"விட்டா, நான் நடுவுல வந்த ஆளே இல்லன்னு ஆயிரும். தோத்தா, எங்கிட்ட இருந்து நீ வாங்குனன்னு இருக்கும்."

 யுவராணி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

யுவராணி விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அதே ஜூடோ ஹாலில் இரண்டாவது சண்டை நடந்தது. கூட்டம் கூட்டவில்லை. அழகுராஜாவும், போன் பிடித்த காளிராஜும், விஷயம் கேள்விப்பட்டு வந்த நாலைந்து பேரும்தான். இந்தத் தடவை பழைய பிரிட்டிஷ் முறைப்படி, சுற்றுச் சுற்றாக, இரண்டு தடவை யார் விழத்தாட்டுகிறார்களோ அவர்களுக்கு. முதல் விழுகை யுவராணிக்கு, இரண்டாவது வெங்கடேஸ்வரிக்கு, மூன்றாவது யுவராணிக்கு என்று அதற்கு முந்தின சாயங்காலமே பேசி, மேட்டில் படுத்தும் எழுந்தும் பழகிக்கொண்டார்கள். பழகும்போதுதான் வெங்கடேஸ்வரிக்கு ஒன்று தெரிந்தது. தூக்கி எறிவதைவிட எறியப்படுவது கடினம். உடம்பை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு, அவள் சரியாகப் போடுவாள் என்று நம்பவேண்டும். போலீஸ்காரிக்குப் பழக்கமில்லாத காரியம்.

முதல் இரண்டும் சொன்னபடி முடிந்தன. மூன்றாவதில் யுவராணி அவளைத் தூக்கினாள். வயசாளிகளைத் தினமும் தூக்கிப் பழகிய கை. அந்தரத்தில் ஒரு கணம் வெங்கடேஸ்வரிக்குப் பயம் வந்தது. அதே கணத்தில் பிடரிக்குக் கீழே யுவராணியின் உள்ளங்கை வந்து நின்றதும் தெரிந்தது. மேட்டில் படும்வரை அந்தக் கை அகலவில்லை. பெரிய சத்தம் கேட்டது, வலி சின்னதாகத்தான் இருந்தது. அழகுராஜா குனிந்து எண்ணினார். ஒண்ணு. ரெண்டு.

வெங்கடேஸ்வரியின் வலது தோள் மேலே எழுந்துவிட்டது.

அவள் எழுப்பவில்லை. அதுவாக எழுந்தது. அழகுராஜாவின் கை பாதியில் நின்றது. காளிராஜ் போனுக்குப் பின்னாலிருந்து, "அப்பிடிப் போடு" என்றான். யுவராணி அவள் மேல் கவிழ்ந்து படுத்தபடி காதோரமாக, "மதினி" என்றாள்.  மூச்சு வாங்கியது. அவளுக்கும் நிஜமாகவே வலித்துக்கொண்டிருந்தது. பழைய விலாப் பக்கத்தைக் கையால் அணைத்திருந்தாள்.

எழுந்தார்கள். மறுபடியும் பிடித்தார்கள். யாரும் பேசிவைக்காத ஒரு இரண்டு நிமிஷம் ஓடியது. அதில் யார் யாரைத் தள்ளினார்கள் என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் சொல்ல முடியாது. முடிவில் யுவராணி அவள் காலை வாரினாள். வெங்கடேஸ்வரி மல்லாந்து விழுந்தாள். இந்தத் தடவை மூன்றுவரை கிடந்தாள்.

கிடந்தாளா, எழ முடியவில்லையா? காளிராஜ் கேட்டான், அழகுராஜா கேட்டார். அவள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அன்றைக்கு அந்த மாநிலப் போட்டியில் எதற்குத் தோற்றோம் என்று தெரியாமல் வலித்தது. இன்றைக்கு எதற்குத் தோற்றோம் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏன் வலிக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. யுவராணி பட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு, கேமரா பக்கம் திரும்பாமல், குனிந்து வெங்கடேஸ்வரியின் காலைத் தொட்டாள். அது ஒத்திகையில் இல்லாதது.

யுவராணி போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் இன்டர்நெட்டில் அந்தப் பட்டத்தின் வரலாறு வந்திருந்தது. ஐவியில் தொடங்கி வரிசையாகப் பேர்கள். கடைசிக்கு முந்தின இடத்தில் 'வெங்கடா ஈஸ்வரி' என்று இருந்தது. வென்ற இடம் ராஜபாளையம், இலங்கை. காளிராஜ் அதைத் திருத்தச் சொல்லி எழுதிப்போட்டான். அடுத்த தடவை பார்த்தபோது இந்தியா என்று மாறியிருந்தது, ராஜபாளையம் ராஜஸ்தானுக்குப் போயிருந்தது. ஸ்டேஷனில் அதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். வெங்கடேஸ்வரியும் சிரித்தாள். ஆனால் வாரத்தில் ஒருநாளாவது, யாரும் பார்க்காத நேரம், அந்தப் பக்கத்தைத் திறந்து பேர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் பெருமாள் கோயில் இருக்கிற திருவண்ணாமலை மலையில் அவளுக்குப் பந்தோபஸ்து. பெருமாளைப் பார்க்க வந்த ஜனம் விடியலிலேயே அடிவாரம்வரை நிற்கிறது. படிக்கட்டு ஓரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு யுவராணியிடமிருந்து போன் வந்தது.

"மதினி, கென்னும் அந்தச் சங்கத்துக்காரவுகளும் ராசியாயிட்டாக. ரெண்டு பட்டத்தையும் ஒண்ணாக்கப் போறாக. அதுக்குப் பழைய கணக்கெல்லாம் சரி பண்ணுதாக. ஒரே ஒரு விழுகைல முடிஞ்ச சண்டை செல்லாதாம். ஒங்க பேர எடுக்கணும்ங்காக."

"எடுத்துட்டுப் போகட்டும்" என்றாள் வெங்கடேஸ்வரி. சொன்ன வேகத்தில் அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. 

"நான் ஒத்துக்கிடலன்னு சொல்லிட்டேன்."

"எதுக்கு? ஒனக்குப் பொழப்புல்லா அது."

"இருக்கட்டும்."

மேலேயிருந்து கோவிந்தா கோவிந்தா என்று சத்தம் இறங்கி வந்தது. வெங்கடேஸ்வரி இன்னொரு காதைப் பொத்திக்கொண்டாள்.

"யுவா, நான் சொல்லுதத அப்பிடியே அவருகிட்டச் சொல்லு. எடுக்கப்பிடாது. நான் ஜெயிச்சேன்னு சொல்லு."

அந்தப் பக்கம் யுவராணி ஏதோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.  

"ஜெயிச்சீகதான் மதினி" என்றாள் யுவராணி.

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று வெங்கடேஸ்வரிக்குத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறாளா, இல்லை பிடரிக்குக் கீழே கையை வைக்கிறாளா? கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கீழே கூட்டம் நெருக்கியது. ஒரு ஆச்சி தடுமாறிக் கயிற்றின் மேல் சாய, "பொறவு பேசுதேன்" என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அந்த அம்மாளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். வரிசையைப் பின்னால் தள்ளச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டே இரண்டு படி கீழே இறங்கினாள்.